பாதை ஏறினால் அரை மணி லாபம்

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும்புகிற பக்கம் ஒன்று, படுகிற பக்கம் மற்றது. கொம்பியூட்டர் பாஷையில் சொன்னால், ஊரின் பிரதேச அமைப்பை நம் மூத்தவர்கள் இந்த இரண்டு பெயரோடு முடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினார்கள். ‘சேமி’ என்ற பொத்தானை அமத்த வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு வரவில்லை. அமைப்பை மாற்றுகிற ஆட்கள் கப்பலில்தான் வந்தார்கள்.

1602 இல் ஒல்லாந்தக் கப்பல்காரர் ஸ்பில்பேர்கன் வந்திறங்கிக் கண்டி ராசாவிடம் போக வழி கேட்டார். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருஷம் கழித்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795 இல் வெள்ளைக்காரன். வந்தவன் ஒவ்வொருவனும் முந்தினவன் வைத்துவிட்டுப் போன மொழியை அழித்துத் தன்னுடையதைப் போட்டான். வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவனிடம் ‘உனக்கு எது விருப்பம்’ என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

மாற்ற வந்தவன் வாயடைத்துத் திரும்பிய கதை ஒன்றுதான் இந்தப் பக்கத்தில் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேய அதிகாரி, “இந்தக் கல்மாடு புல்லுத் தின்னுமோ?” என்று நக்கலடித்தானாம். நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டது என்பது ஐதீகம். புல்லோடு நின்றிருந்தால் அதிகாரி ஏதாவது வாதாடிப் பார்த்திருப்பான். சாணத்துக்குப் பிறகு என்ன வாதம்?

நேரத்தை மாற்ற வந்தவர்களுக்கு முன்னால் நந்தி எழும்பவில்லை. முதலில் இலங்கை முழுவதும் மொறட்டுவைச் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்தது: கிரீனிச்சைவிட 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் கூட. 1906 இல் அதைத் தூக்கிவிட்டு ஐந்தரை மணி ஆக்கினார்கள். இது தெரிந்து செய்ததல்ல, ஆனாலும் மட்டக்களப்புக்கு அடித்த அதிஷ்டம். ஐந்தரை மணிக்குரிய 82.5 பாகைக் கோடு நம் கடற்கரைக்குக் கிழக்கே ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் கடலுக்குள் போகிறது. அதனால் நம் சூரியனுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் சராசரியாக மூன்று நிமிடச் சண்டைதான். கொழும்புக்கோ சென்னைக்கோ இந்தப் பொருத்தம் கிடையாது. பொருந்தியிருக்கிற ஒன்றை அரசாங்கம் சும்மா விடுமா? 1942 இல் யுத்தம் என்று ஜனவரியில் அரை மணி, செப்டெம்பரில் இன்னொரு அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள். 1945 இல் திருப்பி இழுத்தார்கள்.

மொழிக் கதை இதைவிடச் சுருக்கம். 1956 இல் அரசகரும மொழிப் பட்டியலில் சிங்களம் என்ற ஒரே ஒரு தெரிவை விட்டுவைத்தார்கள். 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் பட்டியலில் ஏறியது. கச்சேரிப் படிவத்தில் அது ஏறியதா என்பது படிவம் நிரப்பினவர்களுக்குத் தெரியும்.

பிறகு வந்தது 1996. மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு. மழையை வரவைக்க முடியாத அரசாங்கம் மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தது. ஒக்ரோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி பத்து வருஷம் கொழும்பிலேயே தங்கிவிட்டது. விடுதலைப் புலிகளோ இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை. தங்கள் பிரதேசத்தில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். அந்தப் பிரதேசம் படுவான்கரையிலும் பரந்து கிடந்தது. எழுவான்கரை அரசாங்கத்திடம்.

இனிக் கணக்கைப் பாருங்கள். வாகனத்தையும் ஆளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்று பேர். எழுவான்கரையில் பத்து மணிக்குப் பாதை ஏறுகிறீர்கள். பத்து நிமிடத்தில் அக்கரை. அங்கே மணி ஒன்பது நாற்பது. புறப்பட முதலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் இதற்காக மூளையைக் கசக்கி ஒரு இயந்திரம் செய்வார்கள். நமக்கு மண்முனைத்துறை போதும். திரும்பி வரும்போது அந்த லாபத்தை வட்டியில்லாமல் கட்டிவிட வேண்டும், அதுதான் ஒரே குறை. “நாளைக்குப் பத்து மணிக்கு வாறன்” என்று ஒருவர் சொன்னால், “பழைய பத்தோ, புதுப் பத்தோ?” என்று மற்றவர் கேட்டாக வேண்டும். அதற்குப் பிறகுதான், “மறுகா எந்தக் கரையில?”

அந்த நாளையில் கொம்பியூட்டரும் வந்து சேர்ந்தது. வந்தவுடனே அது கேட்ட கேள்வி: நீ யார், எங்கே இருக்கிறாய்? எழுவான்கரைக்காரன் நேரப் பட்டியலில் கொழும்பைத் தேடினால் விண்டோசில் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்று இருக்கும். படுவான்கரைக்காரனுக்கு? உலகத்துக் கொம்பியூட்டர்கள் பல பார்த்து நடக்கிற நேர வலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. அதைப் பராமரித்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துப் போல் எகர்ட். இலங்கைப் பகுதியில் அவர் குறிப்பு எழுதிவைத்தார்: தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் இருப்பவர்கள் ‘ஆசியா/கொல்கத்தா’வைப் பாவிக்கலாம், 1970 இலிருந்து இரண்டும் ஒத்துப்போகின்றன. பேச்சுவார்த்தை, நோர்வே, ஜெனீவா ஒன்றும் இல்லாமல் ஒரே வரியில் தீர்வு. கொக்கட்டிச்சோலை கொல்கத்தாவோடு சேர்ந்தது.

2006 சித்திரை வருஷம் பிறந்த மறுநாள், ஏப்ரல் 15 நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு, அரசாங்கம் கடிகாரத்தைப் பழைய ஐந்தரைக்கே திருப்பியது. பத்து வருஷப் பிடிவாதத்தில் யார் வென்றது என்று இரண்டு பக்கமும் அறிக்கை விடாதது அதிசயம்தான். கொம்பியூட்டர்களுக்கோ சேதி போகவில்லை. மைக்ரோசொஃப்ட் திருத்தம் அனுப்பும்வரை அவை அரை மணி முன்னுக்கே ஓடின. நேரத்தைச் சரிப்படுத்த எளிய வழி, பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா’வைத் தெரிவதுதான். படுவான்கரைக்கும் கொழும்புக்கும் ஒரே மருந்து.

மொழியில் இதைவிடக் கூத்து. தட்டச்சுக் கடைகளில் அப்போது பாமினி எழுத்துருதான் ராசா. ‘மட்டக்களப்பு’ என்று எழுத கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜி, அரைப்புள்ளி, கடைசியில் பெரிய ஜி. திரையில் அழகான தமிழ். கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் முழுக்க ஆங்கில எழுத்து. கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், அமைச்சருக்கு மகஜர் எல்லாமே அதன் கணக்கில் உளறல் ஆங்கிலம். பாமினி இல்லாத இடத்தில் திறந்தால் மகஜர் அமைச்சரைத் திட்டுகிற மாதிரித் தெரியும். சில மகஜர்களுக்கு அதுவே பொருத்தம்.

சரி, ஒழுங்காகத் தமிழைத் தெரிவோம் என்றால், விண்டோஸ் 2000 இலிருந்து இருந்தது ‘தமிழ் (இந்தியா)’ மட்டும். அதை அமத்தினால் காசு இந்திய ரூபாய் ஆகும். சம்பளப் பட்டியல் திரையில் டில்லிக் கணக்கில் மினுங்கும். கைக்கு வருவது பழைய இலங்கைக் காசுதான். சிங்களம் விண்டோஸ் விஸ்டாவோடு உள்ளே போனது. ‘தமிழ் (இலங்கை)’ என்ற தெரிவு 2012 இல், விண்டோஸ் 8 இல்தான் வந்தது. போர்த்துக்கேயர் கோட்டை கட்டி 384 வருஷத்துக்குப் பிறகு, நாங்கள் இருக்கிற நாட்டில்தான் இருக்கிறோம் என்று ஒரு பட்டியல் ஒப்புக்கொண்டது.

மண்முனையில் 2014 இல் பாலம் திறந்தாயிற்று. இரண்டு கரைக்கும் ஒரே நேரம். உங்கள் கொம்பியூட்டரில் பிரதேச அமைப்பை ஒருக்கால் திறந்து பாருங்கள். இன்னும் ‘தமிழ் (இந்தியா)’ என்று கிடந்தால் மாற்றிவிடுங்கள். அடையாள அட்டை, கிராமசேவகர் கடிதம், பொலிஸ் பதிவு ஒன்றும் கேட்காது.