மீதிக் கால்: கரைவெட்டி ஏரியும் முக்காலித் தலையும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. கருதுகோள்

மூன்று கால் சேர்ந்தால் முக்கால் என்பது திண்ணைப் பள்ளிக் காலத்து வாய்பாடு. ஆகவே முக்காலி என்பது பார்வைக்கு முழுப் பொருளாக இருந்தாலும் கணக்குப்படி முக்கால் பொருளே. அது ஒன்றாவதற்கு இன்னும் ஒரு கால் வேண்டும். அந்த மீதிக் கால், முக்காலியின் மேல் கருவியைத் தாங்கித் திருப்பும் தலையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ வரும் செய்தி.

சான்று கைக்கெட்டும் தூரத்திலேயே உண்டு. கேமராவையோ பறவை பார்க்கும் ஸ்கோப்பையோ தலையோடு சேர்க்கும் திருகின் விட்டம் உலகம் முழுக்கக் கால் அங்குலம். தலையை முக்காலியோடு சேர்க்கும் திருகு பெரும்பாலும் காலே அரைக்கால் அங்குலம். இத்தனை கால்களுக்கு நடுவே தலையை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதில் வியப்பில்லை. ஸ்கோப்புக்கு ஐம்பதாயிரம் கொடுக்கத் தயங்காதவர்கள்கூட, தலை என்று வந்தால் முக்காலியோடு இலவசமாக வந்ததே போதும் என்றிருக்கிறார்கள்.

2. ஆய்வுக் களம்

கரைவெட்டி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. ஏரி இம்மியும் நகரவில்லை. சட்டகம்தான் இப்படியும் அப்படியும் போய்வந்தது. இறுக்கிய பிறகும் காட்சி மெல்ல நழுவும் மலிவான தலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

மேட்டூரிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் நீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பும் இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக 2024 ஜனவரி இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமக்கோழி, கூழைக்கடா என்று கூட்டம் கூடினாலும், எல்லோரும் தேடி வருவது இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைத்தான். அதுவோ கரைக்கு வராமல் நடு ஏரியில் உட்கார்ந்துகொள்ளும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அறுபது மடங்கு பெருக்கத்தில் அரை கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்கோப்பில் தெரியும் வட்டத்தின் அகலம் ஏறத்தாழ பத்து மீட்டர். தலை வெறும் அரைப் பாகை சரிந்தாலும் காட்சி நாலு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். கை நடுக்கமும் கூடவே அறுபது மடங்காகும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்தியாவில் தென்பட்டதுண்டு. அந்தப் பட்டையிலுள்ள எழுத்தையும் எண்ணையும் படிப்பது கண்ணின் திறமையால் மட்டும் ஆகிற காரியமில்லை.

3. முன்னோர் வரலாறு

கனமான கண்ணாடிக் கருவியை உயரத்தில் நிறுத்தப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்த வட்டாரத்தில் முன்பே உண்டு. 1802இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. ஆறு வாரம் உட்கார்ந்து அவரே அதைத் தட்டி நிமிர்த்தினார். கரைவெட்டிக்குத் தஞ்சை ஒரு மணி நேரப் பயணம்தான். ஸ்கோப் குப்புற விழுந்து மனம் உடைந்தவர்கள் அங்கே போய் அண்ணாந்து பார்த்து ஆறுதல் அடையலாம்.

4. வகைப்பாடு

தலைகள் நால்வகைப்படும்.

முதலாவது பந்துத்தலை. ஒரே திருகு; தளர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்பும். கூடவே தொபுக்கென்று கவிழவும் செய்யும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குக் கனம் அடியில் இருப்பதால் தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கிறது. பந்துத்தலையில் கனம் பந்துக்கு மேலே இருக்கிறது. அதாவது இது தலைகீழாக்கப்பட்ட தலையாட்டி பொம்மை; விழுவது இதன் இயல்பு என்க. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்க இது தாராளமாகப் போதும். 12 கோடி ஆண்டு பழைய மரம். அவசரப்பட்டு எங்கும் பறந்துவிடாது.

இரண்டாவது மூன்று பிடி வைத்த தலை. மேல் கீழுக்கு ஒன்று, இடம் வலத்துக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று. மூன்று மேசையிலும் கையெழுத்து வாங்குவதற்குள் பறவை அடுத்த ஏரிக்குப் போயிருக்கும்.

மூன்றாவது கிம்பல். ஊஞ்சல்போலத் தொங்கும் தொட்டிலில் லென்ஸின் எடைநடு அச்சோடு பொருந்திவிடுவதால் ஒரு விரலால் திருப்பலாம். பருந்தைப் பறக்கும்போதே படமெடுக்கும் பெரிய லென்ஸ்காரர்களுக்கு உரியது. இரண்டு கிலோ ஸ்கோப்புக்கு இது வேண்டாத சுமை.

நான்காவது ஃப்ளூயிட் ஹெட். உள்ளே இருக்கும் பிசுபிசுப்பான கிரீஸ் அசைவைப் பிடித்து நிதானப்படுத்துகிறது. நல்ல தலைகளில் இருக்கும் சுருள்வில், கருவி முன்னால் சாயும்போது பின்னுக்கு இழுத்து ஈடுகட்டும். நீண்ட ஒற்றைக் கைப்பிடியால் நீந்தும் வாத்தின் கூடவே வெட்டில்லாமல் திருப்பிக்கொண்டு போகலாம். ஸ்கோப்காரர்களுக்கு உகந்தது இதுவே என்பது இவ்வாய்வின் துணிபு.

வாங்கும்போது கடையிலேயே சோதிக்கலாம். ஸ்கோப்பை மாட்டி, அதன் அடியிலுள்ள பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்ப்பதுபோலத்தான். விரற்கடை தள்ளினாலே கருவி சமநிலைக்கு வந்துவிடும். பிறகு கீழ்நோக்கிச் சாய்த்துக் கையை எடுக்க வேண்டும். சாய்த்த இடத்தில் நின்றால் நல்ல தலை. அடுத்து, தெருவில் போகிற ஆட்டோ ஒன்றைத் தொடர்ந்து திருப்ப வேண்டும். கிளம்பும்போது ஒரு குலுக்கல் வந்தால், வைத்துவிட்டு வந்துவிடலாம். வாங்கிய பிறகு தலை இறுகுகிறதென்று தேங்காய் எண்ணெய் விடுவது ஆகாது. அரியலூர்ச் சுண்ணாம்புத் தூசி அதில் அப்பிக்கொள்ளும்.

5. பெரியவர் சோதனை

கடையில் தேறிய தலை கரையிலும் தேற வேண்டும். சுரங்கமும் சிமென்ட் ஆலையுமாக இருக்கும் மாவட்டத்தில் முக்காலியை விரித்தால், நிலத்தை எடுக்க அளக்கிறார்களோ என்று சும்மா விடமாட்டார்கள். ஆடு ஓட்டி வரும் பெரியவரோடு பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“என்ன சார், அளக்குறீங்களா? எந்தக் கம்பெனிக்கு?”

“அளக்கலைங்கய்யா. வாத்து பாக்குறோம்.”

“வாத்தையா? இதுலயா?”

அடுத்த நொடி பெரியவர் குனிந்து, ஸ்கோப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கண்ணை வைப்பார். பந்துத்தலையாக இருந்தால் அவர் கைபட்டதும் கருவி மூக்கைத் தாழ்த்த, கரையோரத்துக் கோரையைத்தான் பார்ப்பார். “ஒண்ணும் தெரியலையே” என்று சந்தேகத்தோடே கிளம்புவார். ஃப்ளூயிட் ஹெட்டாக இருந்தால் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு, “அட, தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டிருக்கு” என்பார். நிலம் பற்றிய பயமும் அதோடு தீர்ந்துவிடும்.

6. கிடைக்குமிடமும் பருவமும்

ஃப்ளூயிட் ஹெட்டைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அறிந்தவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள். வாங்க வசதியில்லாதவர் அவர்களிடம் வாடகைக்குக் கேட்கலாம். இதில் இயற்கையின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஸ்டுடியோவில் தலைகள் உறை போட்டுத் தூங்கும். வலசைப் பறவைகள் ஏரியில் நிறைந்திருக்கும் மாதமும் அதுவே.

தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவே தலையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அவசரத்தில் ஸ்கோப்பை மட்டும் கழற்றிக்கொண்டு கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பிளேட் ஸ்கோப்பின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்பது, மறுநாள் காலை மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டப்போகும் நேரத்தில்தான் வீடியோக்காரருக்குத் தெரியவரும்.