மலைக்குப் போற மவராசனுங்களுக்கு

ஏங்கண்ணுகளா, நாயித்துக்கெழம வால்பாறைக்குப் பொறப்படறீங்களாமா? பேஷாப் போங்க. வாரம் பூராம் ஓவர்லாக் மிசின் சத்தத்துல செத்த காதுக்கு ஒருநாளாச்சும் மழைச்சத்தம் கேக்கோணும். அப்பாரு சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க. கேக்காட்டியும் சொல்லுவேன், எனக்கு வேற சோலி கெடையாது.

மொதல்ல, காரெடுக்காதீங்க. ஓட்டறவனுக்கு ரோடுதான் தெரியும், மலை தெரியாது. பொள்ளாச்சியில பஸ் ஏறுங்க. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுக்கும் டிரைவரண்ணன் நமக்கும் சேத்துப் பயந்துக்குவாரு. சன்னலோரம் புடிக்கறதுக்கு முந்தி, முன்சீட்டுக்காரரு காத்தால என்ன சாப்பிட்டாருன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. கேக்காட்டி, பதினஞ்சாவது வளைவுல தானாத் தெரியும்.

9-வது வளைவுல லோம்ஸ் வியூ. ரோடு போட்ட லோம் தொரை பேருல இருக்குது. கீழ ஆழியாறு அணை தெரியும். வழியில பாறை மேல வரையாடு நின்னாலும் நிக்கும். அது தமிழ்நாட்டோட மாநில வெலங்குங்கண்ணு. நம்ம சனிக்கெழமச் சந்தைப் பழக்கத்துல முதுகைத் தடவிப் பாத்து, கறி எத்தனை கிலோ தேறும்னு கணக்குப் போட்றாதீங்க.

புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு இருக்குது. அது மரத்தை உட்டு எறங்காத சாதி. மனுசன் காட்டைத் துண்டு போட்டு நடுவுல ரோட்டை உட்டான். அப்பறம் அவனே மரத்துக்கு மரம் பாலமும் கட்டினான். நீங்க சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சீங்கன்னா அது பாலத்தை உட்டுட்டு ரோட்டுக்கு வந்துரும். பனியன் கம்பெனிக்கு ஆள் புடிக்கற மாதிரி குரங்கையும் கீழ எறக்கீராதீங்க.

பச்சையாத் தெரியறதெல்லாம் காடுன்னு போட்டோ போட்றாதீங்க. பாதி தேயிலை, காட்டை வெட்டிப் போட்ட தோட்டம். அங்க டாக்டரா இருந்த பி.எச். டேனியல் 1969-ல ‘ரெட் டீ’ன்னு புஸ்தகம் எழுதினாரு, தமிழ்ல ‘எரியும் பனிக்காடு’. கீழ்நாட்டுச் சனத்தை ஆசை காட்டிக் கூட்டிப்போயி அங்க என்ன பாடு படுத்தினாங்கன்னு அதுல இருக்குது. படிச்சுட்டு டீ குடிச்சா சக்கரை கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்.

இப்ப முக்கியமான சமாச்சாரம். மழை புடிச்சுக்கிச்சு, ரீல்ஸ் எடுக்க முடியலைன்னு வானத்தை வையாதீங்க. சின்னக்கல்லாறுப் பக்கம் பேயற மழைதான் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதின்னு மலையக் கொடைஞ்சுட்டு வந்து திருமூர்த்தி அணையில உழுகுது. அங்கிருந்துதான் நம்ம பக்கத்துக்குப் பிஏபிங்கற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால். 1961-ல நேரு வந்து தொடங்கி வெச்ச திட்டம். பாசனத்தை நாலு மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சுத்தான் தண்ணி உடறாங்க. உப்பாறு அணைக்காரங்க நடையா நடந்து கேக்கறதும் இந்தத் தண்ணியத்தான். நீங்க காசு செலவழிச்சுப் பாக்கப் போற மழைய, கடைமடைக்கு எப்ப வரும்னு நான் செலவில்லாம வருசம் பூராம் பாத்துட்டு உக்காந்திருக்கறேன். அதனால அங்க ரெண்டு தூத்தல் தலையில உழுந்தா தொடைக்காதீங்க. நம்மூருக்கு வரவேண்டிய பாக்கிதான் அது. தண்ணி பாட்டலையும் காட்டுல வீசாதீங்க. முறைத்தண்ணி வர்றப்ப மடையில நாந்தான் பொறுக்கோணும்.

பொழுதோட மலையெறங்கீருங்க. ரவைக்கு அந்த ரோடு யானைக்கு. யானை கிட்டத்துல இருக்குதுன்னு சொல்ல அங்கங்க செவப்பு லைட்டு வெச்சிருக்கறாங்க. அது செல்பிக்குப் போட்ட லைட்டு இல்ல.

வர்றப்ப மொளகு வாங்குனா, நம்ம வடுகநாதசாமி கதைய நெனப்புல வெச்சுக்குங்க. மலைநாட்டு மொளகு மூட்டையோட குண்டடத்துல தங்குன யாவாரிகிட்ட, சாமி கெழவன் வேசத்துல வந்து கசாயத்துக்குக் கொஞ்சம் மொளகு கேட்டாராம். பச்சைப்பயறுங்கன்னு கூசாமப் பொய் சொன்னான். மூட்டையெல்லாம் பயறாவே போயிருச்சு. ஆகக்கூடி, எனக்கு என்னடா கொண்டாந்தீங்கன்னு இந்தக் கெழவன் கேட்டா, ‘ஒண்ணுமில்லீங் அப்பாரு’ன்னு மட்டும் சொல்லீராதீங்க. பையில இருக்கறதும் ஒண்ணுமில்லாமப் போயிரும்.