ஆலையை ஆற்றில் இறக்கிய ஆன்றோருக்கு

பெருமதிப்பிற்குரிய மொழிபெயர்ப்புத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவினரே,

சூரிய மின் ஆலை 'ஆன் ஸ்ட்ரீம்' வந்தது என்ற ஆங்கில வரியை, எல்லா ஜெர்மானியரும் சொல்வதுபோல் 'இன் பெட்ரீப்' (இயக்கத்துக்கு) எடுக்கப்பட்டது என்று ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினேன். நேற்று அதைச் சிவப்பில் அடித்து, 'கடும் பிழை' என்று முத்திரை குத்தி, கூலியிலும் பிடித்துக்கொண்டீர்கள். தங்கள் மென்பொருள் கண்டருளிய திருத்தம்: ஆலை 'ஸ்ட்ரோம்' மேல் கொண்டுவரப்பட்டது. ஸ்ட்ரோம் என்றால் மின்சாரம், பேராறு என்றும் பொருள். ஆக, ஆலையை ஆற்றில் இறக்கிவிட்டீர்கள். மங்களகரம்!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆலையை அளக்காமல் போட்ட தாங்கள் என் கூலியை மட்டும் சென்ட் சுத்தமாக அளந்திருக்கிறீர்கள்.

'இன்பெட்ரீப்நாமே', அதாவது இயக்கத்துக்கு எடுத்தல், ஜெர்மனியில் வெறும் சொல்லா? அந்நாட்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் அதற்கு வரையறை எழுதி வைத்திருக்கிறது. 20 ஆண்டுக்கு யூனிட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது அந்தத் தேதியில் தொங்குகிறது. விலை குறையப்போகிறது என்றதும், கூரையில் ஏறாத சோலார் பலகையில் ஒரு பல்பை மாட்டி எரியவிட்டு, 'இயங்கிவிட்டது' என்று கணக்குக் காட்டியவர்கள் உண்டு. 2012இல் சட்டத்தைத் திருத்தித்தான் அதை நிறுத்தினார்கள். ஒரு பல்புக்காகச் சட்டம் திருத்திய நாட்டில் அந்தச் சொல்லைக் கிறுக்கி அடிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஒப்பந்தத்தில் அந்த வரி போய் வழக்கு வந்தால், கூண்டில் ஏறப்போவது உங்கள் மென்பொருளா? ஜெர்மன் தெரிந்த ஓர் ஆள் அதைப் படித்துப் பார்த்தாரா, இல்லையா?

மன்னிக்கவும், வெள்ளம் கரை மீறிவிட்டது. தங்கள் புலமை எனக்குத் தெரியாதா! பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையத்தை 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக அறிவித்து, நாலு வாரம்கூட இல்லாத நிலையில் தீப் பாதுகாப்பு சரியில்லை என்று நிறுத்தி, 2020 அக்டோபர் 31 அன்றுதான் திறந்தார்கள். தங்களிடம் யோசனை கேட்டிருந்தால் அதையும் ஆற்றில் இறக்கியிருப்பீர்கள். தீ பற்றிய பேச்சே எழுந்திருக்காது.

'ஸ்ட்ரீமும் ஸ்ட்ரோமும் ஒரே குடும்பம்' என்று குறிப்பில் விளக்கியிருந்தீர்கள். உண்மைதான். ஒரே குடும்பம் என்பதற்காகச் சித்தப்பாவை அப்பா என்று யாரும் பத்திரத்தில் எழுதுவதில்லை.

கோப்பு இன்னும் வாடிக்கையாளரிடம் போகவில்லை என்று அறிகிறேன். பழைய சொல்லை மீண்டும் போடுங்கள். 'கடும் பிழை'யை என் பெயரிலிருந்து எடுங்கள். பிடித்த பணத்தை இந்த மாதப் பட்டியலிலேயே சேர்த்து அனுப்புங்கள்.