இரட்டை மாட்டு இணையம்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சுதந்திர தினப் பரிசுதான். வாசல் மட்டும் மெட்ராஸ் போன்ற பெருநகரங்களில். எங்கள் ஊர் சேந்தமங்கலம் அப்போது சேலம் மாவட்டம். நாமக்கல் மாவட்டமே 1997-இல்தான் பிறந்தது. இணையத்தில் நுழைய இங்கிருந்து மெட்ராசைப் போனில் கூப்பிட்டால் எஸ்.டி.டி. மீட்டர் ஓடும். இரு முனையிலும் உள்ள மோடங்கள் கீச்சிட்டுப் பேரம் பேசும் நேரத்துக்கும் காசு.

டயல்-அப் வேகம் அன்று நொடிக்கு 9.6 கிலோபிட், அதாவது 1200 பைட். இன்று சித்தப்பா அனுப்பும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ ஒரு எம்.பி. என்றால், இதழ் இதழாக விரிய சுமார் 14 நிமிடம் ஆகியிருக்கும். அதுவரை வீட்டுக்கு வேறு போன் வராது. லாபம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

பிறகு ஐ.எஸ்.டி.என். வந்தது. ஒரே செம்புக் கம்பியில் 64 கிலோபிட் தடங்கள் இரண்டு. இரண்டு மாட்டையும் பூட்டினால் 128. ஆனால் எக்ஸ்சேஞ்சின் கணக்கில் அவை இரண்டு தனித்தனி அழைப்புகள். பில்லும் இரண்டு மாட்டுக்குத் தீனி கேட்டது.

கொல்லிமலை அடிவாரத்தில் ரீல்ஸ் ஒரு நொடி சுற்றினாலே டவரைத் திட்டும் அன்பர்களே, அந்த 1200 பைட்டை ஒருமுறை நினையுங்கள். நினைத்துவிட்டுத் தாராளமாகத் திட்டுங்கள்.