நோட்டுப் பயில்வான்

தமிழ்நாட்டு ஜிம்களில் நோட்டுப் பயில்வான் என்றொரு வகையினர் உண்டு. தோளில் துண்டு, காதில் பேனா, கையில் நகைக்கடை இனாமாகக் கொடுத்த பழைய டைரி. பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே தேதி, பயிற்சியின் பெயர், எடை, செட், ரெப்ஸ். இதுவரை பழுது சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சிக் குறிப்பேட்டுக்கு வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட சிப்பாய்கள் 10 முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையை அளந்து, பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். இன்றைய குறிப்பேட்டின் வேலையும் அதுவே. போன தடவை 60 கிலோவில் மூன்று செட்டும் எட்டெட்டாகச் சுத்தமாக வந்திருந்தால், இந்தத் தடவை ராடின் இரு பக்கமும் 1.25 கிலோ பிளேட் ஏறலாம். வராவிட்டால் அதே எடை. வாரக்கணக்கில் நகரவில்லையென்றால் எடையைக் குறைத்து உடம்பைச் சற்று ஆறவிட வேண்டும். இதெல்லாம் பழைய பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். நோட்டுப் பயில்வான் எழுதுவார், புரட்டமாட்டார்.

எழுதுவதிலும் அவருக்கென்று ஒரு தர்மம் இருக்கிறது. கடைசி ரெப்பில் ஜிம் மாஸ்டர் இரண்டு கையாலும் ராடைத் தூக்கிவிட்டது ‘லேசான சப்போர்ட்’ என்று பதிவாகும். நெஞ்சுக்கு மேலே பாதியில் நின்றுபோனது அரை ரெப்: ‘60 கிலோ — 8, 8, 7½’. இந்த ஏழரை அவரை லேசில் விடாது. 60 கிலோவை 10 முறை தூக்குபவர் ஒரே முறையில் 80 கிலோ தூக்கலாம் என்கிறது எப்லி சூத்திரம். அது வெறும் மதிப்பீடு. டீக்கடைக்குப் போவதற்குள் அந்த 80 நம் பயில்வான் தூக்கிய எடையாகிவிடும்.

கால் பயிற்சி நாளுக்குரிய பக்கங்கள்தாம் இலக்கியத் தரமானவை. ‘முட்டி வலி.’ ‘மழை.’ ‘சித்தப்பா பையன் நிச்சயதார்த்தம்.’ ‘ராடு காலியில்லை.’ ஸ்குவாட் என்ற சொல்லை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

என்றாவது மாஸ்டரே டைரியை வாங்கிப் புரட்டிவிடுவதும் உண்டு. “என்ன தம்பி, பொங்கல்லேர்ந்து இதே அறுபதுதானா போட்டுக்கிட்டிருக்கீங்க?” என்று கேட்பார். பயில்வான் டைரியைத் திரும்ப வாங்கி, காதிலிருந்த பேனாவை உருவி, அன்றைய தேதிக்கு எதிரே பொறுமையாக எழுதுவார்: ‘மாஸ்டருக்கு இன்னிக்கு மூடு சரியில்லை.’