இடம்பெயரும் லப்டொப்பின் பிடிவாதம்: மன்னார்த் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தலைமன்னாரில் வீடும் மன்னார் நகரில் கந்தோரும் உடைய உத்தியோகத்தர் ஒருவரின் லப்டொப், காலையில் கந்தோரில் இணைய மறுப்பதும் இரவில் வீட்டில் இணைய மறுப்பதும் ஏன்? உலகில் வேறு சிக்கல்களே இல்லையா என்பார்க்கு: உண்டு, அவற்றை வாசிக்கவும் இணையம் வேண்டும் என்க.

2. நோயின் இலக்கணம்

கந்தோரின் சிஸ்டம் ஆள், ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ், புரொக்ஸி என்னும் நான்கையும் கணினியில் கையால் எழுதி நிலைநிறுத்துகிறார். வீட்டு ரவுட்டரோ எதையும் நிலையாகத் தராது; கேட்டால் ஒரு முகவரியைக் குத்தகைக்குக் கொடுக்கும். 1993இல் வரையறுக்கப்பட்ட டிஎச்சிபி என்னும் நெறி இது. கந்தோர் எழுத்தோடு வீடு வந்த கணினி, மன்னார் நகரத்துக் கேட்வேயைத் தலைமன்னாரில் விடியவிடியத் தேடும். வீட்டில் எழுத்தை அழித்தால் மறுநாட்காலை கந்தோரில் இணையாது. அழித்துவிட்ட பின்னும் ரவுட்டர் வாய் திறக்கவில்லையாயின், 169.254 எனத் தொடங்கும் முகவரி ஒன்றைத் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும். அதனால் இணையத்துக்குப் போக முடியாது. பட்டம் மட்டும் மிஞ்சும்.

3. நோயாளர் வகை

மூவர். மாற்ற மறப்போர், நான்கு இலக்கங்களையும் தாளில் எழுதி மூடியில் ஒட்டுவோர், "தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ" என்போர். மூன்றாம் வகையாரே பெரும்பான்மையர் என்பது தம்பிமார் துணிபு.

4. முன்னோர் வழக்கு

வாடைக்காற்றில் தீவின் வடகரையான பாக்கு விரிகுடா கொந்தளிக்கும். தென்கரையான மன்னார் வளைகுடா அடங்கும். சோளகத்தில் இது தலைகீழ். படகும் வாடியும் காற்றுக்கேற்பக் கரை மாறும். வடகரைக்கு வந்த மீனவர் தென்கரையின் நீரோட்டத்தை அங்கே தேடுவதில்லை.

இன்னொரு சான்று. 1996 மே மாதம் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நின்றது. போர்நிறுத்தக் காலத்தில் உயிலங்குளம் சாவடி தாண்டி மன்னாருக்கு வந்தவருக்கு அங்கே எட்டு மணி, இங்கே எட்டரை. "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டுத்தான் எதையும் உறுதி செய்ய வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரம் நாடு முழுதும் மீண்டபின்பே அக்கேள்வி ஓய்ந்தது.

இவ்விரண்டாலும் பெறப்படுவது: போன இடத்தில் கேட்டு நடப்பவன் பிழைப்பான். டிஎச்சிபி சொல்வதும் இதுவே.

5. மறுப்பும் விடையும்

192.168 எனத் தொடங்கும் தனிமுகவரிகள் எவர்க்கும் பொது. தலைமன்னாரிலும் கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்திலும் ஒரே இலக்கம் இருக்கலாம். ஆதலின் வீட்டு ரவுட்டரையும் கந்தோர் வரிசைக்கே மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? அந்த இலக்கத்தை ரவுட்டர் முன்னரே அக்காவின் போனுக்குக் கொடுத்திருப்பின் இரண்டும் முட்டிக்கொள்ளும். கந்தோர்ப் புரொக்ஸியும் வீட்டில் கிடையாது.

வலையமைப்பை மாற்றும் நெட்ஷ் கட்டளைகளால் 'வீடு', 'கந்தோர்' என இரு சிறு கோப்புகள் செய்து, போகுமிடத்துக்கேற்ப ஒன்றை அழுத்துக என்பர் பிறர். நன்று, ஆயினும் அழுத்தவும் நினைவு வேண்டும்.

6. முடிபு

நிலையான முகவரி தேவையாயின் அதை அலையும் கணினியில் எழுதற்க. அசையாத கந்தோர்ச் சேர்வரில் எழுதுக. கணினியின் வன்பொருள் அடையாளமான மக் முகவரியைக் கண்டதும் சேர்வர் எப்போதும் அதே இலக்கத்தை வழங்கும். கணினி இரு இடத்திலும் 'தானாகப் பெறுக' என்றே இருக்கலாம். புரொக்ஸியையும் அவ்வாறே தானாகக் கண்டறியச் செய்யலாம்.

இம்முடிபு சிஸ்டம் ஆளிடம் முறைப்படி சமர்ப்பிக்கப்பட்டது. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, "இதை ஏன் வீட்டை கொண்டு போறியள்?" என்றார். அவ்வினா அடுத்த ஆய்வுக்கு உரியது.