சோடா வேஷம்

பீர் கம்பெனிகளைத் திட்டுகிறவர்கள் டிவி பார்ப்பதில்லை போலும். 2000-இல் டிவியில் மது விளம்பரம் தடைசெய்யப்பட்டதிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர்கள் சோடாவும் குடிதண்ணீரும்தான் விற்கிறார்கள். ஒரு பாட்டில் சோடாவுக்குக் கிரிக்கெட் வீரர், கடற்கரை, இருபது பேர் ஆட்டம்! ஆலையில் ராட்சதத் தொட்டிகளில் மால்ட் நொதிப்பதெல்லாம் பொழுதுபோக்காக இருக்கும்.

விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் குளிர்பானக் கம்பெனிக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. பொவண்டோ என்று சொல்லி பொவண்டோவையே விற்கிறார்கள், வெகுளிகள்.

அரசுக்குப் பாவ புண்ணியம் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்புக் கலர் பானங்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. சூதாட்டத்தோடு ஒரே பந்தி. பீர் அந்தப் பந்தியிலேயே இல்லை. அதற்கு வரி வாங்கும் புண்ணியம் மாநிலத்துக்கு. சில்லறையில் விற்கும் புண்ணியம் 2003 முதல் டாஸ்மாக்குக்கு.

எங்கள் திருமுருகன்பூண்டிக்கு வேஷம் புதிதல்ல. சுந்தரரின் பொன்னைச் சிவகணங்களே வேடர்களாக வந்து பறித்த தலம். ஆகவே இங்குள்ள பனியன் கம்பெனிகளும் இனி ஜட்டியை வெட்கமில்லாமல் காட்டுவதை விட்டு, கைக்குட்டைக்கு விளம்பரம் செய்யலாம். வாங்குகிறவருக்குப் புரியாதா என்ன?

பீர் கம்பெனிக்கு ஆதரவாக அவிநாசி ரோட்டுப் பெட்டிக்கடையில் அந்தச் சோடாவைக் கேட்டேன்.

"அது டிவியில மட்டுந்தானுங்க வரும்" என்றார் கடைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "மணி இன்னும் பன்னெண்டு ஆகலீங்களே?"